கல்லூரிக்கு ஓட்டம் பார்த்த ஸ்பானர்

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கக் கடன் வாங்கியவர்கள் இந்தத் தேசத்தில் உண்டு. நிலத்தை விற்றவர்கள் உண்டு. தாலியை அடகு வைத்தவர்கள்கூட உண்டு. ஆனால் ஒரு கல்லூரி முதல்வரை நேருக்கு நேர் பார்த்து, "மொதல்ல உங்க காலேஜ ஸ்டார்ட் பண்ணிக் காட்டு சார், அப்பால துட்டு பேசலாம்" என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்து ஸ்பானர்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ஆதார் கார்டில் இருக்கிறது. பழவேற்காடு பஜாரில் நான் நடத்தும் இ-சேவை மையத்துக்கு ஒருமுறை அட்டையில் திருத்தம் செய்ய வந்தார். பெயரைச் சத்தமாகப் படித்து, "சரியா இருக்கா?" என்று கேட்டேன். "இவன் யாரு? என் போட்டோவுக்குக் கீழ இவன் பேரு எப்டி வந்துச்சி?" என்று கோபப்பட்டார். அவர் மகள் பவானிதான், "நைனா, அது நீதான்" என்று நினைவுபடுத்தி அழைத்துப் போனாள்.

தொழில் படகு எஞ்சின் ரிப்பேர். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதியில். கருவி ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர். அதன் நுனியை ஓடுகிற எஞ்சின் மேல் வைத்து, மரப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "இன்னும் நாலு நாளைக்குத்தான் ஓடும்" என்பார். ஐந்தாம் நாள் அந்தப் படகை வேறொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வரும். குப்பத்தில் யாரும் இதை அதிசயம் என்று சொல்வதில்லை. மழை வந்தால் நனைவோம், ஸ்பானர் சொன்னால் எஞ்சின் நிற்கும், அவ்வளவுதான்.

ஒருமுறை குப்பத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை இவர் நெஞ்சில் வைத்தார். இவருக்கு அந்தக் கருவி பிடித்துவிட்டது. "குடு சார், ஒரு தபா" என்று வாங்கி, கேட்காமல் கொள்ளாமல் டாக்டர் நெஞ்சில் வைத்துவிட்டார். ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். "சார், ஒரு வால்வு லேசா ஒதறுது. ஓட்டத்த கொறச்சிக்க" என்றார். சுற்றியிருந்த நர்ஸ்கள் சிரித்தார்கள், டாக்டரும் சிரித்தார். அடுத்த மாத முகாமுக்கு வேறு டாக்டர் வந்தார். பழையவருக்கு நெஞ்சில் ஏதோ ஆபரேஷன் நடந்து ஓய்வில் இருக்கிறாராம்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோதுதான் வினை ஆரம்பித்தது.

ஊரே வந்து யோசனை சொன்னது. "இன்ஜினீயரிங்ல போடு", "நர்சிங்ல போடு", "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு அம்மாந்துட்டு, கட்டிக் குடு" என்று ஆளுக்கு ஒன்று. எல்லாவற்றையும் எஞ்சின் கேட்பதுபோலவே கண்ணை மூடிக் கேட்ட ஸ்பானர் கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்.

"அம்மாந்துட்டு குட்த்து வாங்கற டிகிரி ஓடுதா, ஓடலியான்னு யார்னா ஓட்டம் பாத்தீங்களா?"

இந்த 'ஓட்டம் பார்ப்பது' என்பதை மற்ற ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் பழைய எஞ்சினை யாரும் கரையில் பார்த்து வாங்குவதில்லை. விற்கிறவன் அதை ஒரு படகில் மாட்டி, வாங்குகிறவனை உட்கார வைத்து, ஏரி கடலில் சேருகிற முகத்துவாரம் வரை போய்த் திரும்ப வேண்டும். வழியில் இருவரும் பேசக் கூடாது. கரையேறியதும் விற்கிறவன் டீ வாங்கி நீட்டுவான். வாங்குகிறவன் குடித்துவிட்டால் பேரம் முடிந்தது. அதற்கப்புறம் எஞ்சின் கழன்று கடலுக்குள் போனாலும் கேள்வி கேட்க முடியாது. டீயைத் தொடாமல் எழுந்து போனால் வேண்டாம் என்று அர்த்தம், அதில் யாருக்கும் வருத்தமும் கிடையாது. பத்திரம், கையெழுத்து, சாட்சி எல்லாம் அந்த ஒரு டம்ளர் டீதான்.

ஸ்பானரிடம் விற்பதற்கு இருந்த ஒரே பொருளும் ஒரு எஞ்சின்தான். அதன் பெயர் மகராசி. செத்துப்போன பன்னிரண்டு எஞ்சின்களிலிருந்து நல்ல உறுப்புகளாகப் பொறுக்கி, ஆறு வருஷம் உட்கார்ந்து அவர் கட்டியது. என்றைக்காவது ஒரு சொந்தப் படகு வாங்கி அதில் மாட்டி, மெக்கானிக்காக இல்லாமல் முதலாளியாகக் கடலுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. படிப்புச் செலவு என்றால் மகராசி போய்விடும். இன்ஜினீயரிங் என்றால் மகராசியோடு வீட்டுப் பத்திரமும் போகும். ஆகவே அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்ட விதத்தில்தான் நியாயம் இல்லை.

முதல் வேலையாகக் குப்பத்தில் ஏற்கனவே இருந்த டிகிரிகளை எல்லாம் ஓட்டம் பார்க்க ஆரம்பித்தார். வீடு வீடாகப் போனார். ஸ்க்ரூ டிரைவரும் கூடவே போனது.

அவருடைய கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு கவிழ்ந்து கிடக்கும். அதன் முதுகில் ஊரில் பட்டம் வாங்கிய அத்தனை பேருடைய பெயரையும் பவானியை விட்டு எழுத வைத்தார். ஒவ்வொரு பெயருக்கு நேரே தன் கையால் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்தார். பச்சை என்றால் டிகிரி ஓடுகிறது. மஞ்சள் என்றால் ஸ்டார்ட்டிங் டிரபிள். சிவப்பு என்றால் எஞ்சின் இறுகிப்போய்விட்டது, இனி பழைய இரும்புக்குத்தான்.

நர்சிங் படித்த பெண்ணுக்குப் பச்சை. அவள் போட்ட ஊசி வலிக்கவில்லை என்பது காரணம். எம்.பி.ஏ. படித்துவிட்டுச் சென்னையில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவனுக்கு மஞ்சள். "பைக்கு ஓடுது, ஆளு ஓடறான், டிகிரி மட்டும் பின்னால உக்காந்துக்கினு வர்து" என்றார். பி.ஏ. வரலாறு படித்த கருவாட்டுக் கடைக் கஸ்தூரிக்குச் சிவப்பு வைத்தார். அன்று மாலையே கஸ்தூரி கையில் கத்தியோடு வந்துவிட்டாள். கருவாடு நறுக்குகிற கத்திதான், ஆனாலும் கத்தி.

"யோவ், எனுக்கு யாரு சிவப்பு வெச்சது? என் கட ஓடலியா?"

"கட ஓடுதும்மா. டிகிரி ஓடுதான்றதுதான் கேள்வி."

"பேங்க்குக்காரன் மூணு தபா லோன் இல்லன்னான். அவன் ரூல் புக்க வாங்கி, அவன் எதிர்லயே படிச்சிக் காமிச்சி லோன் வாங்கியாந்தேன். அது இன்னா, கருவாடா படிச்சிச்சி?"

ஸ்பானர் உள்ளே போய் மஞ்சள் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். தப்பு என்று தெரிந்தால் அந்த நிமிடமே மாற்றிக்கொள்வார், அது அவரிடம் இருந்த பெரிய சௌகரியம்.

அடுத்தது நான். நான் பி.ஈ. மெக்கானிக்கல். என் நைனா தன் படகையும் எஞ்சினையும் விற்றுப் படிக்க வைத்த பி.ஈ. படித்து முடித்து மூன்று வருஷம் சென்னையில் வேலை தேடினேன். பிறகு ஊருக்கே திரும்பி வந்து, சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பத்திரிகைக்கு எழுதுகிற வியாதி அதற்கப்புறம் பிடித்தது. நைனா அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"இன்னா பி.ஈ., சர்ட்டிபிகேட்ட எடு" என்று ஸ்பானர் வந்து நின்றார்.

லாமினேஷன் செய்த என் பட்டத்தை மேஜையில் வைத்தேன். அவர் அதன் நடுவில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். கடையில் நின்ற ஏழெட்டுப் பேர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சத்தமே வர்ல" என்றார்.

"சித்தப்பா, அது காகிதம்."

"அத்தத்தான் நானும் சொல்றேன்."

மறுநாள் காலை என் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி. கட்டை விரல் அளவுக்கு, நல்ல எனாமல் பெயின்ட். பஜாருக்குப் போக வேறு வழி கிடையாது, தினமும் இரண்டு தடவை அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த மாதம் பக்கத்துக் குப்பத்திலிருந்து எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், "படகுல மாப்ள பேருக்கு எதுர்ல செவப்பா இன்னாவோ கீதே, அது இன்னாது?" என்று என் நைனாவிடம் கேட்டிருக்கிறார்கள். நைனா பொய் சொல்லத் தெரியாதவர். சொல்லிவிட்டார். அவர்கள் காபியைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

எனக்கு ஸ்பானர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் சொன்னது பொய்யில்லை என்பதால் அது இன்னும் அதிகமாக இருந்தது. ஆனாலும், "நாளைக்கு ஒரு காலேஜுக்கு ஓட்டம் பாக்கப் போறோம், இங்கிலீஷ் பேச ஆளு வேணும், வா" என்று அவர் கூப்பிட்டபோது போனேன். பவானிக்காகப் போனேன். அவள் முதல் நாளே கடைக்கு வந்து, "அண்ணா, எல்லா காலேஜிலயும் கடைசித் தேதி நெருங்கிக்கினே வருது. நைனா இப்டியே ஓட்டம் பாத்துக்கினு இருந்தார்னா எனுக்கு எங்கியுமே சீட்டு இருக்காது. எறா கம்பெனிக்குத்தான் தோல் உரிக்கப் போவணும்" என்று கண் கலங்கியிருந்தாள்.

கிளம்பும்போது ஸ்பானர் தோளில் ஒரு கோணிப்பை இருந்தது. உள்ளே எஞ்சினின் அடிப்பாகம். தண்ணீருக்குள்ளேயே இருக்கும், காற்றாடி மாட்டுகிற அந்த அலுமினியக் கூடு. அதில் கட்டை விரல் போகிற அளவுக்கு ஓட்டை. எங்கள் பக்கத்து எஞ்சின்களுக்கெல்லாம் தீராத நோய் இது. இரண்டு வருஷத்தில் கூடு அரித்து ஓட்டை விழும், புதிது வாங்கி மாட்ட வேண்டும். மீனவன் சம்பாத்தியத்தில் பாதி அந்தக் கூட்டுக்கே போனது. எந்தக் கல்லூரி இந்த ஓட்டைக்குக் காரணம் சொல்கிறதோ, அந்தக் கல்லூரியில் பவானி. இதுதான் அவர் வைத்திருந்த நுழைவுத் தேர்வு. மாணவிக்கு இல்லை, கல்லூரிக்கு.

முதல் கல்லூரியில் கோணிப்பையை வெடிகுண்டு என்று நினைத்துக் காவலாளி மேஜைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது கல்லூரியில் கோட்டு போட்ட ஒரு பேராசிரியர் ஓட்டையைப் பார்த்து, "உப்புத் தண்ணீர்" என்றார். "அது எங்க ஊட்டு நாய்க்கே தெரியும் சார்" என்றார் ஸ்பானர். அதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று நான் திணறினேன். மூன்றாவது கல்லூரியில் முதல்வரிடமே போய், காலேஜை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னார். "இது சிலபஸில் இல்லை" என்றார் முதல்வர். ஸ்பானர் அதற்குத்தான் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "ஓட்ட விழறதுன்றது சிலபஸ்ல இல்லியா? அப்போ வேற இன்னாதான் சொல்லித் தர்றாங்கோ?" என்று திரும்பி வருகிற வழியெல்லாம் என்னைக் கேட்டார். அவர் பெண்ணுக்குக் கேட்டாரோ எனக்குக் கேட்டாரோ தெரியவில்லை.

எல்லா இடத்திலும் டீயோ காபியோ கொடுத்தார்கள். ஸ்பானர் தொடவில்லை. என்னையும் தொட விடவில்லை. அனல் பறக்கிற ஜூன் மாதத்தில், மூன்று பஸ் மாறிப் போய், ஏ.சி. அறையில் ஆவி பறக்கும் காபியை முன்னால் வைத்துக்கொண்டு நான் வேடிக்கை பார்த்தேன். "குட்ச்சியோ, பேரம் முடிஞ்சிடும்" என்று தொடையில் கிள்ளினார்.

நான்காவது கல்லூரி கண்ணாடியால் கட்டியது. வரவேற்பிலிருந்த ஆள் சட்டைக் காலரில் மைக் மாட்டியிருந்தார். ஓட்டைக்குக் காரணம் கேட்டதற்கு, "அதெல்லாம் செகண்ட் இயர்ல வரும் சார். நாளையோட அட்மிஷன் முடியுது. நாலே சீட்டு பாக்கி. ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் குடுங்க, சீட்டை உங்களுக்காகப் பிடிச்சு வெச்சிடறேன்" என்றார்.

பவானிக்குப் பயம் வந்துவிட்டது. கடைசித் தேதி என்றதும் மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தேவிட்டாள். ஸ்பானரும் அன்று களைத்திருந்தார். பெண்ணின் முகத்தைப் பார்த்தார், காபியைப் பார்த்தார். அவர் கை டம்ளர் பக்கம் போனது.

அப்போது நான் அந்த ஆள் நீட்டியிருந்த விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பம் படிப்பது என் தொழில். ஒரு நாளைக்கு நாற்பது படிக்கிறேன், எறும்பு மாதிரி எழுத்தில் கீழே இருப்பதைத்தான் முதலில் படிப்பேன். பதினாலாவது வரியில், படிப்பைப் பாதியில் விட்டால் நான்கு வருஷக் கட்டணத்தையும் கட்டிய பிறகே ஒரிஜினல் சான்றிதழைத் திருப்பிக் கொடுப்போம் என்று இருந்தது. இதே மாதிரி ஒரு வரி நான் சேர்ந்த கல்லூரியிலும் இருந்தது. அன்று எனக்குப் பதினேழு வயசு, நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு பேரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டோம். இரண்டாம் வருஷமே போதும் என்று ஓடிவர நினைத்த என்னை அந்த வரிதான் பிடித்து வைத்தது. அதற்காகத்தான் படகு போனது.

"சித்தப்பா, காபியத் தொடாத!" என்று கத்தினேன். அந்த அறையில் அதற்குமுன் யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள்.

வரியை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மார்க் ஷீட்டின் ஒரு முனை பவானி கையிலும் மறுமுனை அந்த ஆள் கையிலும் இருந்தது. ஸ்பானர் எழுந்தார். "தம்பி, உட்டுடு. கிழிஞ்சிதுன்னா உன் கண்ணாடி ஒண்ணுகூட நிக்காது" என்று மெதுவாகத்தான் சொன்னார். அந்த ஆள் கையை எடுத்துவிட்டார். பஸ்ஸில் எனக்கும் சேர்த்து ஸ்பானரே டிக்கெட் எடுத்தார், அதுவரை அப்படி நடந்ததே இல்லை.

மறுநாள் உண்மையிலேயே கடைசி நாள். பவானியே ஒரு கல்லூரியைச் சொன்னாள். அனுப்பம்பட்டில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் போக வேண்டிய சின்னக் கலைக் கல்லூரி. பி.எஸ்ஸி. வேதியியல். கட்டணமும் விடுதியும் சேர்ந்து மூன்று வருஷத்துக்கு மகராசி ஒன்று போதும், வீட்டுப் பத்திரம் பிழைக்கும். "பி.எஸ்ஸி. படிச்சா வேல கெடைக்குமா?" என்று ஸ்பானர் கேட்டார். "தெர்ல நைனா. ஆனா எனுக்கு அதான் புடிச்சிருக்கு" என்றாள். இப்படி ஒருவரும் அவருக்கு இதுவரை பதில் சொன்னதில்லை.

வேதியியல் ஆய்வகத்தில் ஒரு இளம் ஆசிரியை இருந்தார். புடவையெல்லாம் சாக்பீஸ் தூள். ஸ்பானர் கோணிப்பையை அவிழ்த்துக் கூட்டை மேஜையில் வைத்தார். எல்லாரும் ஓட்டையைத்தான் பார்ப்பார்கள். அந்த அம்மா ஓட்டையைப் பார்க்கவே இல்லை. கூட்டின் ஓரத்தில் திருகு போட்டு மாட்டியிருந்த, எலுமிச்சம்பழ அளவுள்ள ஒரு உலோகக் கட்டியைத் தொட்டார். அது பளபளவென்று சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இந்தக் கட்டிக்கு யாரு பெயின்ட் அடிச்சது?"

"நான்தான் டீச்சரம்மா" என்றார் ஸ்பானர் பெருமையாக. "ரெண்டு கோட்டு. இந்தக் கட்டி சீக்கிரமா அரிச்சிப் பூடுது. அதுக்காவ முப்பது வருசமா எல்லா எஞ்சினுக்கும் நானேதான் அடிக்கிறேன். நம்ம வேலன்னா ஏழு குப்பத்துலயும் பேரு."

"அதனாலதாங்க ஓட்டை விழுது."

ஸ்பானர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்.

"இது துத்தநாகம். உப்புத் தண்ணியில இதுவும் அலுமினியமும் ஒண்ணா இருந்தா, ஏதாவது ஒண்ணு கரைஞ்சே ஆகணும். இது முந்திக்கிட்டுத் தான் கரையும். இது கரையற வரைக்கும் கூட்டுக்கு ஒண்ணும் ஆகாது. கரையறதுக்காகவே இதை வெச்சிருக்காங்க. நீங்க பெயின்ட் அடிச்சு இதைக் காப்பாத்திட்டீங்க. அதனால கூடு கரைஞ்சுபோச்சு."

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒரு கண்ணாடிக் குவளையில் உப்புத் தண்ணீர் எடுத்தார். துத்தநாகத் தகடு ஒன்று, அலுமினியத் தகடு ஒன்று, இரண்டுக்கும் ஒயர், நடுவில் ஒரு மீட்டர். தகடுகளைத் தண்ணீரில் விட்டதும் மீட்டரின் முள் நகர்ந்தது. பிறகு பெயின்ட் அடித்திருந்த ஒரு துத்தநாகத் தகட்டைத் தேடி எடுத்து, முதல் துத்தநாகத்தை வெளியே எடுத்துவிட்டு அதை விட்டார். முள் படுத்துவிட்டது. பெயின்ட் இல்லாததை மறுபடி விட்டார். முள் எழுந்தது.

ஸ்பானர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நுனியைக் குவளைமேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். அந்த அம்மா எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாதீர்கள் என்று நான் கையால் கெஞ்சினேன்.

"சத்தம் வர்ல" என்றார் ஸ்பானர், கண்ணைத் திறக்காமலே. "ஆனா ஓடுது."

அவர் முகத்தை நான் பார்த்தேன். முப்பது வருஷம் ஏழு குப்பத்து எஞ்சின்களுக்கு, அன்போடு, ரெண்டு கோட்டு, தன் கையாலேயே ஓட்டை போட்டிருக்கிறோம் என்று ஒரு மனிதனுக்குத் தெரிய வந்தால் முகம் எப்படி ஆக வேண்டுமோ அப்படி ஆகவில்லை. அவர் திருவிழாவில் முதல்முறை ராட்டினம் பார்த்த பிள்ளைபோல இருந்தார். குவளையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

கல்லூரி உதவியாளர் எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தார். பவானி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பானர் டம்ளரை எடுத்தார். ஒரே மூச்சில், சூடு பார்க்காமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

பவானி தேம்பித் தேம்பி அழுதாள். "டீதானே குடிச்சார், எதுக்கும்மா அழற?" என்று அந்த ஆசிரியை பதறிப்போனார். நான் அதற்குள் இரண்டு டம்ளர் குடித்திருந்தேன். ஐந்து கல்லூரியின் தாகம்.

ஊருக்கு வந்ததும் ஸ்பானர் சாப்பிடக்கூட இல்லை. ஒரு சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். ஒவ்வொரு படகாக ஏறி, எஞ்சினைத் தூக்கி, கட்டியிலிருந்த தன் பெயின்ட்டைத் தானே சுரண்ட ஆரம்பித்தார். வாரக் கணக்கில் ஏழு குப்பத்துக்கும் போனார். ஒவ்வொரு படகுக்காரனிடமும் தனித்தனியாகச் சொன்னார்: "முப்பது வருசமா தப்பா பண்ணிக்கினு இருந்தேன். உன் கூடு ஓட்டயானது என்னாலதான். கூலி வேணாம், சொரண்டிட்டுப் போறேன்."

சிலர் திட்டினார்கள். ஒருவர் துடுப்பைத் தூக்கினார். ஒருவர், "பொண்ண சேக்கப் போய்ட்டு நீயே படிச்சிட்டு வந்துட்டியாய்யா?" என்று கேலி செய்தார். அத்தனையையும் தலை குனியாமல் கேட்டுக்கொண்டு சுரண்டினார். யாருக்கும் தெரியாத தப்பு அது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கடைசி வரை உப்புத் தண்ணீர் மேலேயே பழி இருந்திருக்கும், அவர் பெயரும் அப்படியே இருந்திருக்கும். பெரிய மனிதர்கள் என்று பலரைப் பற்றி நான் படித்திருக்கிறேன். ஒருவரை நேரில் பார்த்தது அந்த வாரங்களில்தான்.

அந்தச் சுற்றில் ஒருநாள் என் கடைக்கு வந்து, மேஜைமேல் எதையோ வைத்தார். புளியங்கொட்டை அளவுக்குத் தேய்ந்துபோன உலோகத் துண்டு.

"உங்க நைனா வித்தாரே, அந்த எஞ்சின்லேந்து கழட்னது. ஏழு குப்பத்துலயும் கூடு ஓட்டயாவாத ஒரே எஞ்சின் அதான். இன்னாடா மாயம்னு பாத்தேன். இதுல மட்டும் பெயின்ட் இல்ல. நீ படிச்சிக்கினு இருந்தப்போ உங்க நைனா, பெயின்ட்டுக்குத் துட்டு இல்ல, அப்டியே உட்டுடுன்னாரு. நானும் மறந்துட்டேன். எம்மாம் பெருசு இருந்தது பாரு, தேஞ்சி தேஞ்சி இவ்ளோண்டு ஆயிகீது. புதுசு ஒண்ணு மாட்டிட்டேன்."

அன்று மாலை கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, கூலிக்குப் போன படகிலிருந்து நைனா இறங்கும்வரை கரையில் நின்றேன். கூடையை வாங்கிக்கொண்டேன். "இன்னாடா புதுசா?" என்றார். அந்தத் துண்டு இன்றைக்கும் என் மேஜையில் விண்ணப்பங்கள் பறக்காமல் காக்கிறது.

மகராசியை வாங்க ஒருவர் வந்தார். ஸ்பானர் புதுக் கட்டி ஒன்றைப் பெயின்ட் படாமல் மாட்டி, முகத்துவாரம் வரை ஓட்டிக் காட்டினார். கரையேறியதும் டீயை அவரே நீட்டினார். வந்தவர் குடித்தார். ஸ்பானர் காலி டம்ளரை வாங்கி வெகுநேரம் ஏரியில் அலசிக்கொண்டிருந்தார்.

பவானி பி.எஸ்ஸி. முடித்து இப்போது எம்.எஸ்ஸி. படிக்கிறாள். வேலை கிடைக்குமா, போட்ட பணம் திரும்புமா என்று வாசகர்கள் கேட்டால் எனக்குத் தெரியாது. ஸ்பானரைக் கேட்டால், "டீ குட்ச்சாச்சி. அப்பால இன்னா கேள்வி?" என்பார்.

அந்தச் சிவப்பைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டே போய்ப் பழகிய நான், அவள் முதல்முறை விடுதிக்குக் கிளம்பிய அன்றுதான் ஒன்று கவனித்தேன். கவிழ்ந்து கிடந்த படகின் முதுகில் பெயர்கள் இருந்தன, புள்ளிகள் இல்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாவற்றையும் ஃபைபர் தெரியும்வரை சுரண்டியிருந்தார். பவானியின் பெயர் புதிதாகக் கடைசியில் இருந்தது, அதற்கு நேரேயும் ஒன்றுமில்லை.

"இன்னா சித்தப்பா, எல்லாத்தயும் அழிச்சிட்டியா?" என்றேன்.

"பெயின்ட் அடிக்கிறதயே உட்டுட்டேன் பி.ஈ. எது எதக் காப்பாத்துதுன்னு எனுக்கு இன்னா தெரியும்?"

அவர் தகட்டைத் துடைத்துக்கொண்டே கொட்டகைக்குள் போய்விட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தபோது பவானி சொன்னாள்: "டீ குட்ச்சிட்டு வந்தமே அண்ணா, அன்னிக்கே தகட்ட எடுத்துக்கினாரு. படகுங்களுக்குப் போறதுக்கு முன்னாலயே மொதல்ல உன் புள்ளியத்தான் சொரண்டனாரு."